கோப் கேலரி: ஆன்ஃபீல்டில் நின்று பார்த்த காலமும் அதைப் பற்றிய நினைவுகளும்

1994 ஏப்ரல் 30 அன்று லிவர்பூல் நகரின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் லிவர்பூல் அணி நார்விச் சிட்டியிடம் 0–1 என்று தோற்றது. ஜெரமி காஸ் அடித்த அந்த ஒரு கோலைத் தவிர ஆட்டத்தில் நினைவு வைத்துக்கொள்ள அதிகம் இல்லை. லிவர்பூல் அந்தப் பருவத்தை எட்டாவது இடத்தில்தான் முடித்தது. ஆனாலும் அன்று அங்கே இருந்தவர்கள் பலர், கோப்பை வென்ற எத்தனையோ நாள்களைவிட அந்தத் தோல்வி நாளைத்தான் துல்லியமாக நினைவுகூர்கிறார்கள். ஒரு பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால், மலைச்சரிவு போல எழும்பி நின்ற ‘கோப்’ கேலரியில் ரசிகர்கள் நின்றுகொண்டே பார்த்த கடைசி ஆட்டம் அது என்பதே காரணம். அடுத்த சில வாரங்களில் அந்தப் படிகள் இடிக்கப்பட்டன. அதே இடத்தில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் இருக்கைகள் கொண்ட புதிய கேலரி எழுந்தது.

அந்தப் பழைய கேலரியைப் பற்றி அங்கே நின்றவர்கள் சொல்லிவரும் நினைவுகளே இந்த ஆய்வின் பொருள். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இன்பமாகவும் வேடிக்கையாகவும் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்திகளில் பெரும்பகுதி, கூட்ட நெரிசலைப் பற்றிப் பொறியாளர்கள் எழுதிவைத்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அசல் ஆபத்துக் குறிப்புகள்தாம். அதே வேளையில், அவற்றை ஆபத்துக் குறிப்புகளாக மட்டும் வாசித்து அந்தப் படிகளை இடித்தவர்களும் பாதிக் காரணத்தையே கண்டார்கள்.

உருவான விதம்

கோப் கேலரியின் கதை ஒரு விபத்திலிருந்து தொடங்குகிறது என்று சொல்லலாம். 1902 ஏப்ரல் 5 அன்று கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை வைத்துக் கட்டியிருந்த உயரமான கேலரியின் ஒரு பகுதி முறிந்து விழுந்ததில் 25 பேர் உயிரிழந்தனர். அந்த மைதானத்தை வடிவமைத்தவர் ஆர்ச்சிபால்டு லீச் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர். அதன் பிறகு நின்று பார்க்கும் கேலரிகளை மண்மேட்டின் மேல் அமைக்கும் வழக்கம் பரவியது. லீச்சும் படிகளுக்கிடையே குறுக்காக நடப்படும் தடுப்புக் கம்பிகளுக்கு ஒரு வடிவம் வகுத்துக் காப்புரிமை பெற்றார். 1906 இல் லிவர்பூல் இரண்டாம் முறை லீக் பட்டம் வென்ற கையோடு வால்ட்டன் பிரெக் சாலைப் பக்கம் எழுந்த பெரிய மேடு, லீச் கைபட்ட அந்தப் புதிய வகையைச் சேர்ந்தது. பலகை முறிந்து விழும் பயம் அதில் இல்லை. ஆனால், நிற்பதற்கு ஒவ்வொருவருக்கும் எவ்வளவு இடம் வேண்டும் என்ற கேள்வியை அன்றைக்கு யாரும் கணக்காகப் போட்டுப் பார்க்கவில்லை. வாயிலில் காசு கொடுத்தவர் எல்லாம் உள்ளே போனார். உள்ளே போனவர் கிடைத்த இடத்தில் நின்றார்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், போயர் போரின்போது 1900 ஜனவரியில் பிரிட்டிஷ் படை பெரும் இழப்பைச் சந்தித்த ஸ்பியன் கோப் என்ற குன்றின் பெயரை இந்த மேட்டுக்குச் சூட்டலாம் என்று சொன்னவர் எர்னஸ்ட் எட்வர்ட்ஸ் என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர். குன்றில் மாண்டவர்களில், லிவர்பூல் அன்று அடங்கியிருந்த லங்காஷயர் மாவட்டத்துப் படைப்பிரிவினர் நிறைய என்பதால் அந்தப் பெயர் லிவர்பூலில் உடனே ஒட்டிக்கொண்டது. அந்தப் போர்முனையில் காயம்பட்டவர்களைத் தூளியில் சுமந்தவர்களுள் காந்தி திரட்டிய இந்தியர் படையும் உண்டு. ஆயிரத்து நூறு பேர் கொண்ட அந்தப் படையில் சுமார் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறியவர்கள் என்பதால், கோப் என்ற பெயருக்குப் பின்னால் நம்மவர்களின் தோள்களும் இருந்திருக்கின்றன. லிவர்பூல் ரசிகர்கள் பலரும் அறியாத செய்தி இது.

1928 இல் கேலரிக்குக் கூரை போட்டு, படிகளையும் விரிவாக்கினார்கள். அப்போது அதன் கொள்ளளவு 27 ஆயிரம் என்றும் 30 ஆயிரம் என்றும் சொல்லப்படுகிறது. எதுவாயினும், ஒரு சிறு நகரத்து மக்கள்தொகையே ஒரே கூரையின் கீழ் நின்றது. ஆன்ஃபீல்டின் மொத்த வருகைப் பதிவில் உச்சமான 61,905 பேர் 1952 பிப்ரவரியில் உல்வர்ஹாம்ப்டன் அணியுடனான எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்குத் திரண்டார்கள். கூரை, பின்னால் வந்த தலைமுறைகளின் நினைவில் மழைக்கு ஒதுங்கும் இடமாகப் பதிவாகவில்லை. குரலைத் திருப்பி அனுப்பும் பெட்டியாகவே பதிவாகியிருக்கிறது.

அலை

கோப் கேலரியில் நின்ற யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அந்த அலையைத்தான். லிவர்பூல் முன்னேறிப் போய்க் கோலை நெருங்கும்போது, பந்து எங்கே போகிறது என்று பார்க்க மேல்படிகளில் இருப்பவர்கள் முன்னால் சாய்வார்கள். அந்தச் சாய்வு ஒருவர் முதுகிலிருந்து அடுத்தவர் முதுகுக்கு இறங்கி, கீழே வரும்போது பெரும் தள்ளலாகிவிடும். எள் போட்டால் எள் விழாத கூட்டத்தில் சிக்கிய ஒருவர் பத்துப் பதினைந்து படி கீழே அடித்துச் செல்லப்பட்டு, ஆரவாரம் அடங்கியதும் கூட்டம் பின்வாங்கும்போது ஏறத்தாழப் பழைய இடத்துக்கே திரும்பி வருவார். சில நேரம் கால் தரையில் படாமலேயே போய்த் திரும்பியதாகச் சொல்வார்கள். கோட்டுப் பொத்தான்கள் தெறித்துப் போனது, ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பியது, கூட வந்த நண்பரை ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் தொலைத்துவிட்டு ஆட்டம் முடிந்ததும் பேருந்து நிறுத்தத்தில் கண்டுபிடித்தது என்று இந்த நினைவுகள் எல்லாம் சிரிப்போடுதான் சொல்லப்படுகின்றன. கோல் விழுந்ததைப் பார்க்கவே இல்லை, ஆனால் விழுந்தது உடம்புக்குத் தெரிந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

இதே செய்திகளை வேறொரு மொழியில் ஜான் ஃப்ரூயின் என்ற அமெரிக்கப் பொறியாளரும் எழுதியிருக்கிறார். ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ ஏழு பேர் என்ற அடர்த்தியைக் கடந்தால் கூட்டம் தனித்தனி மனிதர்களாக இயங்குவதை விட்டு நீரைப் போல இயங்கத் தொடங்கும். அதனூடே பாயும் அதிர்வலைகள் ஆளைத் தரையிலிருந்து தூக்கும், மூன்று மீட்டருக்கு மேலும் நகர்த்தும், செருப்பைக் கழற்றும், உடுப்பைக் கிழிக்கும் என்பது அவர் தரும் விளக்கம். கோப் ரசிகர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் பட்டியலும் ஃப்ரூயினின் பட்டியலும் வரிக்கு வரி பொருந்துகின்றன. அத்தகைய நெரிசலில் மனிதர்கள் மிதிபட்டு இறப்பதைவிட, நின்ற நிலையிலேயே மார்பு விரிய இடமின்றி மூச்சடைத்து இறப்பதே அதிகம் என்பதையும் அதே ஆய்வுகள் சொல்கின்றன. பிரிட்டனில் 1973 இல் முதலில் வெளியான மைதானப் பாதுகாப்பு வழிகாட்டியைப் பின்பற்றி, நின்று பார்க்கும் இடங்களில் பத்துச் சதுர மீட்டருக்கு 54 பேர் என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. பின்னர் அது 47 ஆகக் குறைக்கப்பட்டது. கால் தரையில் படாமல் போய்வந்த ஒருவர், அந்த வரம்பு வெகுவாக மீறப்பட்ட இடத்தில் நின்றார் என்று துணிந்து சொல்லலாம்.

ஆபத்து தெரியாமல் அவர்கள் நின்றார்கள் என்று இதற்குப் பொருளில்லை. அங்கே நின்று பழகியவர்களிடம் ஒரு நடைமுறை அறிவு இருந்தது. தந்தை மகனுக்கும் அண்ணன் தம்பிக்கும் சொல்லிக்கொடுத்த அறிவு அது. தடுப்புக் கம்பியை வயிற்றுக்கு முன்னால் வைத்து ஒருபோதும் நிற்காதே, முதுகுக்குப் பின்னால் வைத்து நில் என்பது அதன் முதல் பாடம். கம்பி முன்னால் இருந்தால் மேலிருந்து வரும் தள்ளல் முழுவதும் விலா எலும்பில் இறங்கும். பின்னால் இருந்தால் அந்தத் தள்ளலைக் கம்பி வாங்கிக்கொள்ளும். கைகளைத் தொங்கவிடாமல் மார்புக்கு முன்னால் மடித்து வைத்துக்கொள், தள்ளல் வந்தால் எதிர்த்து நிற்காமல் அதன் போக்கில் போ, கீழே குனிந்து எதையும் எடுக்காதே என்பவை அடுத்தடுத்த பாடங்கள். கூட்டப் பாதுகாப்பு குறித்து இன்று வழங்கப்படும் அறிவுரைகளோடு இவற்றை வைத்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆக, ரசிகர்களின் நினைவுகளில் ஆபத்தும் இருக்கிறது, அதைச் சமாளிக்கும் உத்தியும் இருக்கிறது; உத்தி கைகொடுத்தவர்கள்தாம் நினைவுகூர்பவர்களாக மிஞ்சினார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சிறுவர் கூண்டும் மற்றவையும்

கேலரியின் ஒரு மூலையில், உயரே, கம்பி வேலியால் அடைக்கப்பட்ட சிறுவர் பகுதி ஒன்று இருந்தது. பெரியவர்களின் நெரிசலிலிருந்து சிறுவர்களைக் காப்பதற்கென்று ஏற்படுத்தப்பட்ட அந்த இடம், உள்ளே போய்வந்தவர்களின் நினைவில் கூண்டாகவே நிற்கிறது. வளர்ந்த பையன்களின் அடிதடி, காசைப் பிடுங்குதல், கட்டணம் கொடுத்த அளவுக்குக் கூட ஆட்டத்தைப் பார்க்க முடியாத மூலைப் பார்வை என்று அங்கே பட்ட பாடு கொஞ்சமல்ல. வேலியையும் கூரைத் தாங்கிகளையும் பற்றி ஏறி, காவலர் கண்ணில் படாமல் பெரியவர்கள் பகுதிக்குள் குதித்துவிடுவது பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு ஒரு தேர்வு மாதிரி. அதில் தேறியவன் கோப் ரசிகன். தந்தையோடு வரும் குழந்தைகள் பாடு வேறு. நுழைவாயிலின் சுழல் கம்பிக்கு மேலாகத் தூக்கி உள்ளே விடப்பட்டு, கூட்டத்தினர் தலைக்கு மேல் கைமாற்றிக் கைமாற்றிக் கீழே முன்வரிசைச் சுவர் வரை கொண்டுசெல்லப்பட்டார்கள். மயங்கி விழுந்தவர்களும் அதே கைகளின் வழியாகத்தான் கீழே முதலுதவிக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். அறிமுகமே இல்லாத நூறு பேர் கைமாற்றி ஒரு குழந்தையைப் பத்திரமாக இறக்கியதைச் சொல்லும்போது பலருக்கும் குரல் தழுதழுக்கும். அந்தக் கேலரியில் அன்றாடம் ஆள்கள் மயங்கி விழுந்தார்கள் என்பதும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது.

கழிப்பறையைப் பற்றி நயமாகச் சொல்ல வழியில்லை. இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இருந்தவை மிகச் சில. இருந்தாலும் நெரிசலைப் பிளந்து அங்கே போய்த் திரும்ப முடியாது. மாலைப் பத்திரிகையைச் சுருட்டிக் குழாயாக்கி நின்ற இடத்திலேயே காரியத்தை முடித்தார்கள். முன்னால் நின்றவரின் கால்சட்டையும் கோட்டுப் பையும் நனைந்தன. குளிர்கால மாலைகளில் கேலரியின் மேல் எழுந்த ஆவியைப் பற்றிக் கவித்துவமாகப் பேசுவோர் அதில் இந்தப் பங்கையும் சேர்த்துக்கொள்வது நேர்மையாக இருக்கும்.

குரல்

இத்தனைக்கும் மேலாக அந்த இடம் ஏன் நேசிக்கப்பட்டது என்பதற்கு விடை அங்கே எழுந்த குரலில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் லிவர்பூல் நகரத்து இளைஞர்களின் இசை உலகெங்கும் போய்க்கொண்டிருந்த காலம். அதே இளைஞர்கள் சனிக்கிழமைகளில் இந்தப் படிகளில் நின்றார்கள். ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் அந்த வாரத்துப் புகழ்பெற்ற பாட்டுகளைப் போடுவார்கள். கேலரி கூடவே பாடும். 1963 இல் ஜெரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் என்ற உள்ளூர்க் குழு புதிதாகப் பாடி வெளியிட்ட ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ பட்டியலிலிருந்து இறங்கிய பின்னும் கேலரி அதைப் பாடுவதை நிறுத்தவில்லை; இன்றுவரை நிறுத்தவில்லை. 1964 ஏப்ரலில் ஆர்சனல் அணியை 5–0 என்று வீழ்த்தி லிவர்பூல் லீக் பட்டம் வென்ற நாளில் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சி கேமராவை ஆட்டத்தின் பக்கம் திருப்பாமல் கேலரியின் பக்கம் திருப்பியது. பல்லாயிரம் ஆண்கள், நடத்துநர் எவரும் இல்லாமல், ஒரே சுருதியில் பாடி ஒரே தாளத்தில் அசையும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்தான் கோப் என்றதும் உலகம் நினைத்துக்கொள்ளும் காட்சி. அதில் தெரியும் அசைவைக் கவனித்துப் பார்த்தால், மேலே சொன்ன அலையும் அதற்குள் இருப்பது தெரியும்.

எதிரணியிடம் அந்தக் கேலரி காட்டிய பெருந்தன்மையும் நினைவுகளில் தவறாமல் இடம்பெறும். எதிரணிக் கோல்கீப்பர் கேலரி முன் வந்து நிற்கும்போது கைதட்டி வரவேற்பார்கள். அவரும் கையுயர்த்தி ஏற்றுக்கொள்வார். 1969 ஏப்ரலில் லீட்ஸ் யுனைடெட் இதே மைதானத்தில் கோலின்றிச் சமன் செய்து லீக் பட்டத்தை லிவர்பூலின் கண் முன்னாலேயே உறுதிசெய்தபோது, லீட்ஸ் ஆட்டக்காரர்கள் தயங்கித் தயங்கிக் கோப் பக்கம் நடந்து வர, கேலரி அவர்களைச் சாம்பியன் என்று முழங்கிப் பாராட்டியது. ஆனால் அதற்கு முன்பு, 1967 டிசம்பரில், அதே லீட்ஸின் கோல்கீப்பர் கேரி ஸ்பிரேக் பந்தை எறியப்போய்த் தன் கோலுக்குள்ளேயே போட்டுவிட்ட நாளில், கவனமில்லாத கைகளைப் பற்றிய ஒரு பழைய பாட்டைப் பாடி அவரை வாழ்நாள் முழுவதும் துரத்தவிட்டதும் இதே கேலரிதான். ஒலிபெருக்கியில் போட்ட பாட்டைக் கேலரி பிடித்துக்கொண்டது என்றும், கேலரியே முதலில் எடுத்துக்கொடுத்தது என்றும் இருவிதமாக இதைச் சொல்கிறார்கள். எது சரி என்பதைவிட, இரண்டாவது வடிவத்தைச் சொல்லும்போது கிடைக்கும் நிறைவு கவனிக்கத்தக்கது: பாட்டு யாருடையது என்பதில் ரசிகர்கள் விட்டுக்கொடுக்க விரும்புவதில்லை.

1977 மார்ச் 16 அன்று ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் பிரான்சின் செயின்ட் எத்தியன் அணியை 3–1 என்று வென்ற இரவு, இந்த நினைவுகளின் சிகரம். மாற்று ஆட்டக்காரராக வந்த டேவிட் ஃபேர்கிளஃப் ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது கோப் பக்கக் கோலில் அடித்த மூன்றாவது கோல்தான் அணியை அரையிறுதிக்கும், பின்பு ரோம் நகரில் முதல் ஐரோப்பியப் பட்டத்துக்கும் கொண்டுசென்றது. அன்று கோப் கேலரியில் நின்றதாகச் சொல்பவர்கள் எல்லாரும் உண்மையிலேயே நின்றிருந்தால் கேலரி இரண்டு தேவைப்பட்டிருக்கும். அந்த மிகையிலும் ஓர் உண்மை இருக்கிறது: அங்கே நின்றவராக இருக்கவே எல்லாரும் விரும்பினார்கள். மேலாளர் பில் ஷாங்க்லி 1974 இல் ஓய்வுபெற்ற பிறகு, அடுத்த ஆண்டில் ஒரு நாள் அவரே வந்து கோப் படிகளில் ரசிகர்களோடு ரசிகராக நின்று ஆட்டம் பார்த்தார். இருக்கை மாடத்தில் எந்த நாற்காலியும் அவருக்குக் கிடைத்திருக்கும்.

சொல்லப்படாதவை

நினைவுகளை ஆவணமாகக் கொள்ளும்போது யார் பேசவில்லை என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. பெண்கள் அந்தக் கேலரியில் இருந்தார்கள், ஆனால் குறைவு. இருந்தவர்களின் நினைவுகளில் பாட்டோடும் தோழமையோடும் வேண்டாத கைகளும் இடம்பெறுகின்றன. குள்ளமானவர்கள், வயதானவர்கள், ஒருமுறை விலா நொறுங்கி அதோடு போவதையே விட்டவர்கள் ஆகியோரின் நினைவுகள் மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கின்றன. 1966 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாம் மூடுபனியில் அயாக்ஸ் அணியிடம் 1–5 என்று தோற்றுவிட்டு, அடுத்த வாரம் ஆன்ஃபீல்டில் மறு ஆட்டம் ஆடியபோது கோப் கேலரியில் ஏற்பட்ட நெரிசலில் ஏராளமானோர் காயம்பட்டார்கள். அந்த இரவைப் பற்றி இன்று பேசுவோர் பெரும்பாலும் அயாக்ஸின் இளம் வீரர் யோஹன் க்ரைஃபின் ஆட்டத்தைத்தான் பேசுகிறார்கள். யாரும் சாகவில்லை என்பதால் அது எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளப்படாமல் இன்னொரு கோப் கதையாகிவிட்டது.

ஹில்ஸ்பரோ

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், நாட்டிங்காம் ஃபாரஸ்டுடனான எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிக்குப் போன லிவர்பூல் ரசிகர்களுக்கு லெப்பிங்ஸ் லேன் பக்கத்து நின்று பார்க்கும் பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. வாயிலுக்கு வெளியே நெரிசல் மிகுந்தபோது, காவல்துறை பிற்பகல் 2.52க்கு ஒரு பெரிய வெளியேறும் கதவைத் திறக்க ஆணையிட்டது; நேரெதிரே இருந்த சுரங்கவழியை அடைக்காமலும், ஏற்கெனவே நிரம்பிவிட்ட நடு அடைப்புகளிலிருந்து கூட்டத்தைத் திருப்பாமலும் திறந்தது. இருபக்கமும் முன்பக்கமும் கம்பி வேலி. 3.06க்கு ஆட்டம் நிறுத்தப்பட்டது. இதன் விளைவாக உயிரிழந்தவர்கள் 97 பேர். அவர்களில் கடைசியானவர் அன்று பெற்ற காயங்களோடு 32 ஆண்டுகள் வாழ்ந்து 2021 இல் இறந்தார்.

அடுத்த நாளிலிருந்து மக்கள் ஆன்ஃபீல்டுக்கு வந்தார்கள். மலர்க்கொத்துகள் கோப் கோல் முனையிலிருந்து பரவி ஆடுகளத்தின் பெரும்பகுதியை மூடின. கேலரியின் தடுப்புக் கம்பிகளில் கழுத்துத் துண்டுகள் கட்டப்பட்டன. தாங்கள் வழக்கமாக எந்தக் கம்பியருகே நின்றார்களோ, அல்லது இறந்தவர் எங்கே நின்றாரோ அந்த இடத்தைத் தேடிப் போய்க் கட்டினார்கள். எண் இல்லாத, இருக்கை இல்லாத ஒரு கேலரியில் ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஓர் இடம் இருந்ததற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இந்தச் சாவுகளை விசாரித்த நீதிபதி டெய்லர் 1989 ஆகஸ்டில் தந்த இடைக்கால அறிக்கை, காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதே முதன்மைக் காரணம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பழியை ரசிகர்கள் தலையில் கட்டும் முயற்சி அதன் பிறகும் நெடுங்காலம் நடந்தது. 2016 இல் இறப்பு விசாரணை நீதிமன்றத்தின் ஜூரி குழு, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்களின் நடத்தைக்கு அதில் பங்கில்லை என்றும் தீர்ப்பளிக்கும் வரை ஓயவில்லை. 1990 ஜனவரியில் வந்த இறுதி அறிக்கையில் டெய்லர், நின்று பார்ப்பது இயல்பிலேயே ஆபத்தானதன்று என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ஆயினும் பாதுகாப்புக்கு வேறு எந்தத் தனி நடவடிக்கையையும்விட இருக்கைகள் கூடுதலாக உதவும் என்று முடிவுக்கு வந்தார். இந்த இரண்டில் பின்னதை மட்டும் நாடு எடுத்துக்கொண்டது. 1994 ஆகஸ்டுக்குள் மேல்நிலைப் பிரிவுகளின் பெரிய மைதானங்கள் முழுக்க இருக்கை மயமாக வேண்டும் என்ற கெடுவுக்குள் கோப் கேலரியும் அடங்கியது.

என் மதிப்பீட்டில், கோப்பின் அலையும் லெப்பிங்ஸ் லேன் நெரிசலும் இயற்பியலில் ஒன்றே, நிர்வாகத்தில் ஒன்றல்ல. கோப் அகலமானது, உட்பிரிவு வேலிகள் இல்லாதது, பல வாயில்கள் உள்ளது, அங்கே நிற்பவர்கள் அந்தப் படிகளில் வளர்ந்தவர்கள். அங்கே அழுத்தம் பக்கவாட்டில் கசிந்து போக இடமிருந்தது. ஹில்ஸ்பரோவில் அந்த வழிகள் எல்லாம் முன்பே அடைக்கப்பட்டிருந்தன. ஆனால் இந்த வேறுபாட்டைக் காட்டிக் கோப் பாதுகாப்பான இடம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1987 ஆகஸ்டில் கேலரிக்கு அடியில் விக்டோரியா காலத்துச் சாக்கடை ஒன்று இடிந்து விழுந்ததால் லிவர்பூல் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டங்களை வெளியூரிலேயே ஆட நேர்ந்தது. இடிந்தபோது மேலே கூட்டம் இல்லை. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் தர இயலவில்லை.

இருக்கைகளுக்குப் பிறகு

1994 ஏப்ரல் 30 அன்று ஆட்டத்துக்கு முன்பு முன்னாள் வீரர்கள் களத்தில் அணிவகுத்தார்கள். ஷாங்க்லியின் மனைவியும், அவருக்குப் பின் மேலாளரான பாப் பெய்ஸ்லியின் மனைவியும் அழைத்து வரப்பட்டார்கள். ஆட்டம் முடிந்து நெடுநேரம் ஆகியும் கேலரி கலையவில்லை. அதற்குள் பாதுகாப்பு விதிகளால் அதன் கொள்ளளவு பழைய எண்ணிக்கையில் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியிருந்தது என்பதை நினைவுகள் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. 1994 இல் இடிக்கப்பட்டது 1964 இன் கோப் அன்று. அந்தக் கோப் சிறிது சிறிதாக ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

இருக்கைகள் வந்தபின் ரசிகர்கள் இழந்ததாகச் சொல்வது அலையைவிட முதன்மையாக இரண்டு விஷயங்களை. ஒன்று, யாரோடு நிற்பது என்ற உரிமை. காசைக் கொடுத்து உள்ளே போய், மாமனும் மைத்துனனும் பள்ளித் தோழர்களும் வழக்கமாகக் கூடும் கம்பியருகே போய்ச் சேர்வது எண்ணிட்ட நாற்காலியில் நடக்காது. பாட்டைத் தொடங்கும் இருபது பேர் இருபது மூலைகளில் சிதறினால் பாட்டு எழாது. மற்றொன்று விலை. கிளாஸ்கோ ஐப்ராக்ஸில் இருக்கைக்கு 6 பவுண்டு, நிற்பதற்கு 4 பவுண்டு என்பதை எடுத்துக்காட்டி, நின்று பார்ப்பவர்களின் பைக்கு எட்டும் விலையிலேயே இருக்கைகளைத் தர முடியும் என்று டெய்லர் நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்தது. 2016 பிப்ரவரியில் பெரிய மாடத்தின் சில இருக்கைகளுக்கு 77 பவுண்டு விலை வைக்கும் திட்டத்தை எதிர்த்து, சண்டர்லாந்துடனான ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினார்கள். சில நாள்களில் கழகம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கோப் கேலரியை நினைத்து ஏங்கும் பேச்சில் பாதி, உண்மையில் பதினாறு வயதுப் பையன் தன் கைக்காசில் ஆட்டம் பார்க்க முடிந்த காலத்தை நினைத்து ஏங்கும் பேச்சு.

நின்று பார்ப்பதைப் பாதுகாப்பாக மீட்கலாமா என்ற விவாதம் லிவர்பூலில் மற்ற ஊர்களைப் போல எளிதாக இருக்கவில்லை. ஹில்ஸ்பரோவில் பிள்ளைகளை இழந்த குடும்பங்களில் சிலர் கடைசிவரை எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பைக் கடந்து பேச ரசிகர்கள் பலரும் கூசினார்கள். 2017 இல் ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி என்ற ரசிகர் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் பங்கேற்ற சுமார் 18 ஆயிரம் பேரில் 88 விழுக்காட்டினர் ஆதரித்தனர். 2021 இல் கோப் கேலரியின் ஒரு பகுதியில் கம்பி பொருத்திய இருக்கைகள் அமைக்கப்பட்டன. 2022 இல் இங்கிலாந்தின் மேல்நிலைப் பிரிவுகளில் உரிமம் பெற்று நின்று பார்ப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்புயரத்தில் ஓர் இரும்புக் கம்பி தொடர்ச்சியாக ஓடுகிறது. மேல்படியில் நிற்பவர் சாய்ந்தால் அந்தச் சாய்வு அவர் முன்னிருக்கும் கம்பியோடு நின்றுவிடும். அடுத்த வரிசைக்கு இறங்காது. கம்பியைத் தேடி முதுகை வைத்து நிற்கும் வித்தைக்கு இனி வேலையில்லை, ஏனென்றால் எங்கே நின்றாலும் முன்னும் பின்னும் கம்பிதான். பழைய ரசிகர்கள் திரும்பக் கேட்டவற்றில் நிற்பது கிடைத்திருக்கிறது, பாட்டும் ஓரளவு வலுப்பெற்றிருக்கிறது, அலை திட்டமிட்டே விலக்கப்பட்டிருக்கிறது. யாரோடு நிற்பது என்பதை இன்னும் நுழைவுச்சீட்டின் எண்தான் முடிவுசெய்கிறது. ஜெர்மனியின் டார்ட்மண்டில் தெற்கு மாடம் உள்நாட்டு ஆட்டங்களின்போது ஏறத்தாழ 25 ஆயிரம் பேர் நிற்கும் இடமாக இருக்கிறது. ஒரே பரப்பில் இருக்கைகளைவிடக் கூடுதலானோரை நிற்கவிடுவதால் அங்கே மலிவு விலைக்கு வழி கிடைக்கிறது. இங்கிலாந்தின் விதியோ ஓர் இருக்கைக்கு ஒருவர் என்பதில் உறுதியாக இருக்கிறது. கொள்ளளவு மாறாதவரை விலையைக் குறைக்கக் கழகங்களுக்குக் கணக்குப்படி எந்தத் தூண்டுதலும் இல்லை. அந்த விதியைத் தளர்த்துவது குறித்த கேள்வியை ரசிகர் சங்கங்களும் இனிமேல்தான் வலுவாக எழுப்ப வேண்டியிருக்கிறது.